கை வீங்கிய கதை

அம்மாவின் தடுப்பூசி அட்டையில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் தேதியும் கையெழுத்தும் இருக்கின்றன. இரண்டாவது நான்கு மாதமாகக் காலி. அக்கித் தடுப்பூசியை இரண்டு தவணையாகப் போட வேண்டும், இடைவெளி இரண்டிலிருந்து ஆறு மாதம். அட்டை ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லைக்குக் கீழே தொங்குகிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்க்கிறேன். நான் பார்ப்பதை அம்மா பார்க்கிறார்.

சிங்கப்பூரில் 2025 செப்டம்பரிலிருந்து அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசி மானிய விலையில் கிடைக்கிறது. எங்கள் புளோக்கில் பலர் போட்டுக்கொண்டார்கள். அம்மாவும் போனார். ஊசி போட்ட பெண் சிரித்த முகமாக, “லேசா கை வலிக்கும் ஆன்ட்டி, அவ்வளவுதான்” என்று சொல்லி அனுப்பினார். அன்று இரவு அம்மாவுக்குக் குளிர் தூக்கிப்போட்டது. இரண்டு போர்வைக்குள்ளும் நடுங்கினார். காலையில் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, நான்தான் கொண்டை போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அம்மா முடிவெடுத்துவிட்டார்.

“லேசான்னு சொன்னாங்கல்ல? இதுவா லேசு? இதையே மறைக்கிறவங்க இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாங்களோ. நீ வேணா போட்டுக்கோ, எனக்கு வேணாம்.”

இத்தனைக்கும் அக்கி என்றால் என்னவென்று தெரியாதவர் இல்லை அம்மா. ஈப்போவில் இருந்த பெரியம்மாவுக்கு வலது விலாவில் வந்தது. கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்தன, வலி மட்டும் இரண்டு வருடம் போகவில்லை. மின்விசிறிக் காற்று பட்டாலே பெரியம்மா முகத்தைச் சுளிப்பார். ரவிக்கை துணி உரசுவது நெருப்பு உரசுவதுபோல இருக்கிறது என்பார். கூடவே இருந்து பார்த்துக்கொண்டது அம்மாதான். அப்படிப்பட்டவர் ஓர் இரவுக் காய்ச்சலுக்குப் பயந்து இரண்டாவது ஊசியை விடுகிறார் என்றால், அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அது கொஞ்சம் பழைய கதையாகப் போனது.

ஊரில் அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். பூங்காவியைக் குழைத்து, கொப்புளங்களின் மேலும் சுற்றிலும் பூசி எழுதுவார் அவர். சிங்கம் வரைவதும் உண்டு. அதற்குப் பெயரே ‘அக்கி எழுதுவது’. காவி குளிர்ச்சியாக இருக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளம் தானாகவே ஆறிவிடும் என்பதால் குயவரின் பெயரும் கெடவில்லை. சின்னம்மைக்கு நாம் வைத்திருந்த வழி வேறு. வேப்பிலை, மஞ்சள், மாரியம்மன். அம்மை கோயிலுக்கு உரியது, அக்கி சூளைக்கு உரியது. இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களுக்கும் தோன்றவில்லைதான். கிரேக்கர்கள் அதை ‘ஸோஸ்டர்’ என்றார்கள், இடைக்கச்சை என்று பொருள். நார்வேக்காரர்களுக்கு அது ‘நரக நெருப்பு’. மலாயில் ‘காயாப்’. நம் சீன அண்டைவீட்டார் அதைப் பாம்பு என்பார்கள். பாம்பு இடுப்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்று பெரியம்மாவின் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

பாம்பு ஏன் பொதுவாகச் சுற்றி முடிப்பதில்லை என்பதற்கான விடை 1900இல் வந்தது. ஹென்றி ஹெட், கேம்ப்பெல் என்ற இரு மருத்துவர்கள், அக்கி வந்து இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தார்கள். முதுகுத்தண்டின் ஓரத்தில் இருக்கும் நரம்பு முடிச்சு ஒன்று சிதைந்திருப்பதையும், அந்த முடிச்சிலிருந்து கிளம்பும் நரம்பு தோலின் எந்தப் பட்டையை ஆள்கிறதோ அந்தப் பட்டையில் மட்டுமே கொப்புளம் வருவதையும் கண்டார்கள். நரம்பு ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். அதனால் பாம்பும் நடுக்கோட்டில் நின்றுவிடுகிறது.

அம்மைக்கும் அக்கிக்கும் உள்ள உறவை முதலில் மோப்பம் பிடித்தவர் புடாபெஸ்ட் குழந்தை மருத்துவர் யானோஷ் போகாய். தாத்தாவுக்கு அக்கி வந்த வீட்டில் சில நாள் கழித்துப் பேரனுக்குச் சின்னம்மை வருகிறதே என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கவனித்தார். இரண்டிலும் இருப்பது ஒரே வைரஸ்தான் என்று அமெரிக்காவில் தாமஸ் வெல்லர் 1950களில் ஆய்வுக்கூடத்தில் காட்டினார். ஆனால் அது எப்படி என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் ஓர் ஊர் டாக்டர். இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் மருத்துவம் பார்த்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 ஆண்டுகள் விடாமல் கணக்கெழுதினார். மொத்தம் 192 பேர். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்றான யெல் வரை இந்த ஆராய்ச்சிக்காகப் போனார். ஆட்கள் குறைந்த தீவு அது, யாருக்கு எப்போது அம்மை வந்தது என்பது ஊருக்கே தெரியும். யாரிடமிருந்தும் தொற்றாமல் அக்கி வருகிறது என்றால் வைரஸ் ஏற்கெனவே உள்ளே இருந்திருக்க வேண்டும். சிறுவயதில் வந்த அம்மை போய்விடுவதில்லை, நரம்பு முடிச்சில் படுத்துக்கொள்கிறது, வயது ஏறி உடலின் காவல் தளரும்போது எழுந்து வருகிறது என்று 1965இல் எழுதினார். 1980களில் நரம்பு முடிச்சுகளிலேயே வைரஸின் மரபணு கண்டெடுக்கப்பட்டது.

அவர் அதை எழுதிய காலத்தில்தான் ஜப்பானைச் சேர்ந்த மிச்சியாகி தக்காஹாஷி அமெரிக்காவின் ஹூஸ்டனில் வைரஸ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். 1964இல் அவருடைய மூன்று வயது மகனுக்குச் சின்னம்மை வந்தது. சாதாரணமாக வந்துபோகும் நோய், இந்தப் பையனுக்கு முற்றிவிட்டது. கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல். பெற்றோர் இரவு பகலாக விழித்திருந்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். தக்காஹாஷி ஒசாகாவுக்குத் திரும்பி, இந்த வைரஸை அடக்கிப் பலவீனப்படுத்தும் வேலையில் இறங்கினார். ஒரு குழந்தையின் கொப்புள நீரிலிருந்து வைரஸை எடுத்தார். மனித உயிரணுக்களில் 11 முறை, கினிப்பன்றி உயிரணுக்களில் 12 முறை வளர்த்து அதன் முரட்டுத்தனத்தைக் குறைத்தார். அந்தக் குழந்தையின் குடும்பப் பெயரால்தான் அந்த வைரஸ் வகை இன்றும் ‘ஓகா’ எனப்படுகிறது. 1974இல் முடிவுகள் வெளியாயின. மருத்துவமனை வார்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை வந்ததும் மற்றப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள், பரவல் நின்றது. அம்மை அவர்களில் பலருடைய உயிரையே எடுத்திருக்கக்கூடும், ஏற்கெனவே நோயாளிகள்.

பக்கவிளைவு என்ற கேள்வி இங்கே முதன்முதலாக எழுந்தது, நியாயமான கேள்வி. உயிருள்ள வைரஸைத்தான் ஊசியில் போடுகிறீர்கள். அம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்துகொள்ளும் என்றால் ஊசி வைரஸும் ஒளிந்துகொள்ளாதா? முப்பது வருடம் கழித்து அது அக்கியாக எழுந்தால் யார் பொறுப்பு? அமெரிக்கா 1995வரை அனுமதி தராமல் இழுத்தடித்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். பதில் கிடைத்தது ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளிடம். ஊசி போட்டவர்களையும், இயல்பாக அம்மை வந்தவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1991இல் ஒப்பிட்டார்கள். ஊசி வைரஸும் ஒளிந்துகொள்ளவே செய்கிறது. ஆனால் அதனால் வரும் அக்கி, இயல்பான அம்மைக்குப் பின் வருவதைவிடக் குறைவு. ‘ஒன்றும் ஆகாது’ என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகும், ஆனால் குறைவாக.

அடுத்து வந்த யோசனை எளிமையானது. தளர்ந்த காவலைத் தட்டியெழுப்ப, அதே ஓகா வைரஸைக் குறைந்தபட்சம் 14 மடங்கு வீரியத்தில் பெரியவர்களுக்குப் போட்டால் என்ன? அறுபது வயதைத் தாண்டிய 38,546 பேரிடம் சோதித்தார்கள். 2006இல் ஸோஸ்டாவேக்ஸ் சந்தைக்கு வந்தது. மென்மையான ஊசி. பாதிப் பேருக்கு ஊசி போட்ட இடம் கொஞ்சம் சிவந்ததோடு சரி. அம்மா கேட்ட ‘லேசு’ இதற்குத்தான் பொருந்தும். பலனும் லேசு. மொத்தத்தில் அக்கியை 51 சதவீதம் குறைத்தது. அறுபதுகளில் இருப்பவர்களுக்கு 64, எழுபதுகளில் 41, எண்பதைத் தாண்டியவர்களுக்கு வெறும் 18. யாரை இந்த நோய் அதிகம் வதைக்குமோ அவர்களிடம்தான் ஊசி எடுபடவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் பலனும் கரைந்தது. இதைவிடப் பெரிய சிக்கல், உயிருள்ள வைரஸ் என்பதால் நோய் எதிர்ப்பு குன்றியவர்களுக்கு அதைப் போடக்கூடாது. தவறிப் போட்ட சிலருக்கு ஊசி வைரஸ் உடல் முழுக்கப் பரவி இறந்துபோனார்கள். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சொல்லியே எச்சரிக்கை வெளியிட்டது. கை வீங்காத ஊசிதான் அது.

இனி, கை வீங்கவைக்கும் ஊசிக்கு வருவோம். அதற்கு முன் பாரிஸுக்குப் பக்கத்திலிருக்கும் ஒரு குதிரைக் கொட்டடிக்குப் போகவேண்டும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அது.

1920களில் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்தைக் குதிரைகளின் ரத்தத்திலிருந்து எடுத்தார்கள். குதிரைக்கு நச்சு நீக்கிய மருந்தை ஊசியாகப் போடுவார்கள், அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறும், அதைப் பிரித்தெடுப்பார்கள். பாஸ்டர் நிறுவனத்தின் கால்நடை மருத்துவர் கஸ்தோன் ரமோன் ஒன்றைக் கவனித்தார். எல்லாக் குதிரையும் ஒரே அளவு கொடுப்பதில்லை. ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ்கட்டிய குதிரைகளே மற்றவற்றைவிட அதிகம் கொடுத்தன. அசுத்தம், தவறு என்று ஒதுக்கவேண்டிய விஷயம். ரமோன் அதைப் பிடித்துக்கொண்டார். வேண்டுமென்றே வீக்கத்தை உண்டாக்கினால் என்ன? சமையலறையில் இருப்பதையெல்லாம் மருந்தோடு கலந்து பார்த்தார். ரொட்டித்தூள், மாவு, மரவள்ளி மாவு, சப்போனின் என்ற நுரைக்கும் தாவரப் பொருள். அவற்றில் ஒன்றைக் கலந்தால் எதிர்ப்பு ஏறியது. மரவள்ளி என்றதும் ஜப்பான்காரன் காலத்துப் பசி நினைவுக்கு வரும் நம் பாட்டிகளுக்கு, அது தடுப்பூசி வரலாற்றிலும் வருகிறது என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

வீங்கும் இடத்தில் என்ன நடக்கிறது? உடலின் முதல் காவலர்கள் அங்கே கூடுகிறார்கள். இது வெறும் பொருள் அல்ல, ஆபத்து என்ற செய்தியை நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தக் கூச்சல்தான் வீக்கம், சூடு, வலி. காய்ச்சலும் நடுக்கமும் அதே கூச்சல் ரத்தத்தில் கலந்து மூளைவரை கேட்பது. இவ்வளவு விவரம் தெரிய வர எழுபது வருடம் பிடித்தது. அதுவரை எதற்கு வேலை செய்கிறது என்று தெரியாமலே இத்தகைய துணைப்பொருள்களைச் சேர்த்து வந்தார்கள். நோய் எதிர்ப்பு ஆய்வாளர் சார்ல்ஸ் ஜேன்வே 1989இல் இதைத் தங்கள் துறை வெளியே சொல்லாத ரகசியம் என்று கேலி செய்தார்.

ஷிங்ரிக்ஸ், அதாவது அம்மாவுக்குப் போட்ட ஊசி, ரமோனின் கொட்டடியிலிருந்து வருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரே ஒரு புரதம், 50 மைக்ரோகிராம். தனியாகப் போட்டால் வயதான உடல் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. எனவே இரண்டு துணைப்பொருள்கள். ஒன்று, சால்மொனெல்லா கிருமியின் தோலிலிருந்து எடுத்து நஞ்சு குறைத்த கொழுப்பு. மற்றது, சிலி நாட்டின் கியாயா மரப்பட்டையிலிருந்து வரும் சப்போனின். அந்த ஊர் மக்கள் சோப்பாகப் பயன்படுத்திய பட்டை, நமக்குப் பூந்திக்கொட்டைபோல. தூங்கிக்கொண்டிருக்கும் கிழக் காவல்காரனை எழுப்பத் தோளைத் தட்டினால் போதாது, தகரத்தைத் தட்டவேண்டும். கியாயாவும் கிருமிக் கொழுப்பும்தான் தகரம்.

எழுந்தான். 15,411 பேர் பங்கெடுத்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அக்கியை 97 சதவீதம் தடுத்தது. எழுபதைத் தாண்டியவர்களிடம் தனியாக நடத்திய ஆய்வில் கிட்டத்தட்ட 90. பதினெட்டு எங்கே, தொண்ணூறு எங்கே!

விலையையும் அந்த ஆய்வுகளே சொல்கின்றன. ஊசி போட்ட இடத்தில் வலி 78 சதவீதம் பேருக்கு. உடல்வலி, அசதி, இரண்டும் ஏறக்குறைய 45. தலைவலி 38. நடுக்கம் 27. காய்ச்சல் 20ஐ ஒட்டி. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஆனால் 2015 ஆய்வில் ஊசி போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு, அதாவது ஆறில் ஒருவருக்கு, அன்றாட வேலையைச் செய்யமுடியாத அளவு தொந்தரவு வந்தது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் அது 3 சதவீதம். கொண்டை போட முடியாத அம்மா அந்த ஆறில் ஒருவர்தான். ‘லேசு’ என்ற சொல்லை யார் எங்கிருந்து எடுத்தார்களோ தெரியவில்லை, இந்த எண்களில் அது இல்லை.

இன்னொன்றையும் அம்மாவிடம் சொல்லவேண்டியிருந்தது. உப்புநீர் போட்டவர்களிலும் பத்தில் மூன்று பேர் அந்த வாரத்தில் உடல்வலி, தலைவலி, அசதி என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். ஐம்பது வயதுக்கு மேல் எந்த வாரத்தில் கேட்டாலும் அவ்வளவு பேருக்கு ஏதாவது வலிக்கத்தான் செய்யும். ஊசிக்குப் பின்னால் வருவதெல்லாம் ஊசியால் வருவது இல்லை. வாட்ஸ்அப் குரல்செய்திகளில் இந்த உப்புநீர்க்காரர்கள் வருவதே கிடையாது.

அம்மாவின் பயத்துக்கு நியாயமான ஓர் இடமும் இருக்கிறது, அதைத் தாண்டிப்போனால் நானும் அந்த ‘லேசு’ பெண்தான். 2021 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஷிங்ரிக்ஸ் தாளில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. கியான்-பாரே நோய். முதல் உலகப்போரின் நடுவே 1916இல் பிரெஞ்சு இராணுவ மருத்துவர்கள் விவரித்தது. உடலின் காவல் தன் சொந்த நரம்புகளையே தாக்கும், கைகால் வலுவிழக்கும். பெரும்பாலோர் மீள்வார்கள், மாதக்கணக்கில் ஆகலாம். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களின் மருத்துவக் காப்பீட்டுப் பதிவுகளை அலசியதில், ஊசிக்குப் பின் வரும் ஆறு வாரத்தில் பத்து லட்சம் ஊசிக்கு ஏறக்குறைய மூன்று பேருக்கு இது கூடுதலாக வருவதாகத் தெரிந்தது. மூன்று பேர். சின்ன எண், ஆனால் பூஜ்ஜியம் இல்லை. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசியால் லட்சத்தில் ஒருவருக்கு இதே நோய் வந்தபோது, நான்கு கோடிப் பேருக்குமேல் போட்டிருந்த திட்டத்தையே நிறுத்தினார்கள். அந்தக் காய்ச்சல் பரவவே இல்லை, எடைபோட மறுதட்டில் எதுவும் இருக்கவில்லை. அக்கிக்கு மறுதட்டு காலி இல்லை. ஊசி போடாவிட்டால் வாழ்நாளில் மூன்றில் ஒருவருக்கு அது வரும் என்பது அமெரிக்கக் கணக்கு.

என் சங்கடமெல்லாம் ‘பக்கவிளைவு’ என்ற சொல்லோடுதான். கை வீக்கத்தையும் கியான்-பாரேயையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது அது. வீக்கம் பக்கத்தில் விளைந்தது கிடையாது, ஊசியின் வேலையோடு சேர்ந்தே வருவது. கியான்-பாரே அரிதான, உண்மையான விபத்து. அதற்காக வீங்காதவர்களுக்கு ஊசி பிடிக்கவில்லை என்றும் பொருளில்லை. எழுபதைத் தாண்டியவர்கள் தங்களைவிட இளையவர்களைவிடக் குறைவாகத்தான் வலியைச் சொன்னார்கள், பாதுகாப்போ ஏறக்குறைய அதே அளவு.

எதிர்பாராத விளைவு நல்லதாகவும் இருக்கலாம்போல. வேல்ஸில் 2013 செப்டம்பர் 1 அன்று பழைய ஸோஸ்டாவேக்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு கறாரான கோடு போட்டார்கள். 1933 செப்டம்பர் 2க்கு முன் பிறந்தவர்களுக்கு ஊசி கிடையாது, அதன்பின் பிறந்தவர்களுக்கு உண்டு. சில நாள் வித்தியாசத்தில் பிறந்த இரண்டு கூட்டம், மற்றபடி ஒரேமாதிரி மனிதர்கள். ஏழு ஆண்டுக்குப் பிறகு பார்த்தால், ஊசி போட்டவர்களுக்கு மறதி நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வந்திருந்தது. 2025இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இது. ஏன் என்று இன்னும் தீர்மானமாகவில்லை. மறதிக்கான மருந்தென்று இதை வைத்து யாரும் விற்கக்கூடாது என்பதும் என் கருத்து.

இவ்வளவையும் நான் அம்மாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு மூன்று நாளாகக் காய் நறுக்கும்போது கொஞ்சம், துணி மடிக்கும்போது கொஞ்சம். குதிரைக் கதையை இரண்டாவது முறை கேட்டார். பத்து லட்சத்தில் மூன்று என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அந்த மூணு பேரு யாருன்னு முன்கூட்டியே தெரியுமா?” என்றார். தெரியாது என்றேன். சரி என்று மறுபடி கத்தியை எடுத்தார். நான் வேறெதுவும் சொல்லவில்லை.

“ஆறில ஒருத்தர்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் கொஞ்சம் கழித்து. “ரசத்த வச்சு, சோத்த வடிச்சு வச்சுட்டுப் போயிருப்பேன். ராத்திரி நடுங்குறப்போ என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன், அதான்.”

“ரெண்டாவது ஊசிக்கும் அப்படி வரலாம்மா. வராமலும் போகலாம்.”

“வெள்ளிக்கிழமைக்குப் பதிஞ்சிடு. சனி ஞாயிறு நீ வீட்லதான இருப்ப, நீ சமைச்சிடு.” எழுந்து போய்க் காந்த வில்லையைத் தூக்கி அட்டையை எடுத்து, தேதியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இந்தத் தடவ இடது கையில போடச் சொல்லணும்.”